போர்டுக்கு ஒரு பொம்பளை

எலுமிச்சை அக்காவை மார்க்கெட் போர்டில் உறுப்பினராகப் போட்டதற்கு ஒரே காரணம்தான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் அவள். இது எங்கள் வரிசைக்கும் தெரியும், மண்டிக்காரருக்கும் தெரியும். அவர் ஒரு கணக்குப் போட்டார், நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். இரண்டுக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொண்டாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் வெங்காயம் விற்கிறவள். என் கண்ணீரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, தொழில் அப்படி. அதனால் இதில் அழுகிற இடம் வந்தால் நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நடந்ததை மட்டும் கேளுங்கள்.

மார்க்கெட்டின் பின்சுவரை ஒட்டி நீளமாக ஒரு தகரக் கூரை. அதற்குக் கீழே தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து விற்கிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள். முன்பக்கக் கடைகள் எல்லாம் ஆண்களுடையவை. அவர்களுக்கு ஷட்டர் உண்டு, மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு. எங்களுக்குச் சாக்கு, கூடை, சாய்ந்துகொள்ள அந்தச் சுவர். முதுகு பட்டுப் பட்டுச் சுவரில் ஆளுக்கொரு கறை விழுந்திருக்கும். யார் இடம் எது என்பதற்கு அந்தக் கறையைத் தவிர எங்களிடம் வேறு அத்தாட்சி இல்லை. அத்தனை வீட்டு அடுப்பும் எரிந்தது அந்தச் சுவரை நம்பித்தான்.

அக்கா அங்கே வந்தது அவள் புருஷனுக்கு இடுப்பு போன வருஷம். அவர் மண்டியில் மூட்டை தூக்கியவர். லாரியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை சரிந்து மேலே விழுந்தது, அதோடு படுத்தவர் படுத்தவர்தான். மண்டிக்காரர் ஒரு நடை வந்து பார்க்கவில்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், சின்னது கைக்குழந்தை. அக்கா எலுமிச்சம்பழத்தைப் பிடித்ததற்குக் காரணமே அந்தக் கைக்குழந்தைதான். தராசு வேண்டாம், எண்ணிக் கொடுத்தால் போதும். பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு கையாலேயே வியாபாரம் பண்ணலாம். மடியில் கிடந்த அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, தானும் ஒரு பிள்ளையைப் பெற்று, இப்போது அக்காவுக்கு அந்தப் பக்கத்தில் பச்சை மிளகாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆக, அக்காவுக்கு ஒரு பக்கம் மகள், இன்னொரு பக்கம் நான்.

அக்காவிடம் யாரும் பேரம் பேச முடியாது. வாங்குகிறவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு பழத்தைக் கூடப் போட்டுவிடுவாள்.

"ஏன்க்கா, நீ வியாபாரம் பண்றியா, தர்மம் பண்றியா?" என்று நான் கத்துவேன்.

"வாய் வலிக்காம விக்கிறேண்டி. நீ கத்துற கத்துக்கு உனக்குத் தொண்டை வலி, எனக்குக் காது வலி" என்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆத்திரம் கழிப்பறை விஷயத்தில்தான். மார்க்கெட்டில் ஆண்களுக்கு ஒன்று இருக்கிறது. பெண்களுக்கு இல்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். திரும்பி வருவதற்குள் பாதிக் கூடை காணாமல் போயிருக்கும். அதனால் நாங்கள் யாரும் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டோம். வருஷக்கணக்கில் அடக்கி அடக்கி அக்காவுக்கு உள்ளே புண்ணாகிவிட்டது. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டரம்மா. "குடிச்சுட்டு எங்கம்மா போறது?" என்று அக்கா கேட்டாள். டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அரசாங்கத்திலிருந்து உத்தரவு வந்தது. எந்த போர்டாக இருந்தாலும் ஒரு பெண்ணாவது உறுப்பினராக இருக்க வேண்டும், அவள் வந்து உட்காராமல் கூட்டம் போட்டால் அந்தக் கூட்டம் செல்லாது என்று. எங்கள் மார்க்கெட் போர்டில் அதுவரை பெண் வாடையே கிடையாது. சேர்மன் ஓர் அதிகாரி. மண்டிக்காரர் ஒருவர், சுமை தூக்குகிறவர்களின் சங்கத் தலைவர் ஒருவர், மற்றவர்கள் முன்பக்கக் கடைக்காரர்கள். மண்டிக்காரர்தான் அதில் எல்லாம். மண்டியும் அவருடையது, வாசலில் நிற்கிற லாரிகளில் பாதியும் அவருடையது.

அவர் ஒருநாள் எங்கள் வரிசைக்கு வந்தார். வழி தவறி வந்துவிட்டாரோ என்று நினைத்தோம்.

"போர்டுக்கு ஒரு பொம்பளை வேணும்" என்றார், ஒரு மூட்டை வேண்டும் என்பதுபோல.

"நான் வரேனுங்க" என்றாள் கீரைக்காரி. அவள் வாயைத் திறந்தால் முன்பக்கக் கடை ஷட்டரெல்லாம் தானாக இறங்கும். மண்டிக்காரர் காதே கேட்காதவர்போல அவளைத் தாண்டிப் போனார். என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டினார். அக்காவின் எதிரே வந்து நின்றார்.

"நீங்க வாங்கம்மா. சும்மா வந்து உக்காந்தாப் போதும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வரிசை முழுக்க ஆட்டியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நம்மில் ஒருத்தி மேலே போகிறாள்! அன்றைக்கே எல்லாரும் கூடிக் கூடிப் பேசி, அவளுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தோம். பெண்களுக்குக் கழிப்பறை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"கதவு இருக்கணும்க்கா" என்றேன்.

"தாழ்ப்பாள் உள்பக்கமா இருக்கணும். வெளிய வெச்சுத் தொலைச்சுடப் போறானுங்க" என்றாள் கீரைக்காரி.

முதல் கூட்டத்துக்கு அக்கா கல்யாண வீட்டுக்கு மட்டும் எடுக்கும் துணியை உடுத்திக்கொண்டு போனாள். கழிப்பறை எங்கே கட்டலாம், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கமாக வருகிறது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். திரும்பி வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னக்கா, கேட்டியா?"

"எங்கடி கேக்க விட்டாங்க? இதர விஷயம்னு கடைசியில ஒண்ணு வருமாம், அப்பக் கேக்கணுமாம். அதுக்குள்ள டீ வந்துடுச்சு. டீயைக் குடிச்சிட்டு எல்லாரும் எழுந்திரிச்சுப் போயிட்டாங்க."

அடுத்த கூட்டத்திலும் அதே கதை. அதற்கு அடுத்ததிலும் அதே கதை. நீளமான மேசையின் கடைசி நாற்காலிதான் அவளுடையது. அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் மேசையோரமாக ஒரு மணிப் பொத்தான். சேர்மன் எதையோ மடமடவென்று வாசிப்பார். வாசித்து முடித்ததும் யாராவது, "அம்மா, டீ சொல்லுங்களேன்" என்பார்கள். அவள் பொத்தானை அமுக்குவாள். டீ வரும். கூட்டம் கலைந்துவிடும். டீ சொல்வதற்குத்தான் நம்மைக் கூப்பிட்டார்களா என்று அவளுக்கே ஒரு மாதிரி இருந்ததாம். ஆனாலும் பெரிய மனிதர்கள் இருக்கிற இடத்தில் ஒரு பொத்தானை அமுக்க மாட்டேன் என்று சொல்வது எப்படி என்று அமுக்கிவிட்டு அமுக்கிவிட்டு வந்தாள்.

வரிசையில் கேலி தொடங்கிவிட்டது. கீரைக்காரி அவளை 'எம்மெல்லே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். "நம்ம எம்மெல்லே இன்னிக்கு எத்தன டீ சாப்பிட்டாங்க?" அக்கா சிரித்துக்கொள்வாள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போகும்போது உதடு அசைந்துகொண்டேதான் இருக்கும். கதவு, தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய்.

அப்புறம் ஒருநாள் காலையில் மார்க்கெட் சூப்பர்வைசர் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். எங்கள் சாக்குகளுக்கு முன்னால் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார்.

"என்ன சார் இது, எங்களுக்கு ஓட்டப்பந்தயம் வெக்கப் போறீங்களா?" என்றாள் கீரைக்காரி.

"இந்தக் கோட்டுக்கு உள்ள இருக்கிறதெல்லாம் காலி பண்ணணும். சுவரை இடிச்சு லாரி உள்ள வர்ற மாதிரி பண்றாங்க. சரக்கு ஏத்தி இறக்கறதுக்கு. அடுத்த மாசம் வேலை ஆரம்பம்."

வரிசை முழுக்க ஒரே கூச்சல். யாரைக் கேட்டு, எவன் சொன்னான் என்று ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"என்னை ஏம்மா கடிக்கிறீங்க? உங்க அக்காதானே தீர்மானம் கொண்டு வந்தது? முன்மொழிந்தவர் பெண் உறுப்பினர்னு போர்டுல பதிவாகியிருக்கு."

அக்கா கையில் இருந்த எலுமிச்சம்பழம் அப்படியே நின்றது. "நானா?" என்றாள். "நான் வாயே திறக்கலியே."

உண்மைதான், அவள் வாய் திறக்கவில்லை. அன்று மத்தியானமே நானும் அவளும் போர்டு ஆபீசுக்கு ஓடினோம். அங்கே ஒரு வயதான கிளார்க் இருந்தார். நல்ல மனுஷர், குரலில் கள்ளம் இல்லை. அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு உலகமே இப்படித்தானா என்று வெறுத்துப் போனது.

"இந்த போர்டுல கை தூக்குற வழக்கமே கிடையாதும்மா. யாராவது எதிர்ப்புத் தெரிவிச்சாத்தான் வழிமொழியறது, கை தூக்கறது எல்லாம். இல்லேன்னா சேர்மன் ஐயா வாசிப்பார். யார் டீ சொல்றாங்களோ அவங்க அதை முன்மொழிஞ்சதா அர்த்தம். டீ வந்துட்டா தீர்மானம் நிறைவேறிடுச்சு. ரொம்ப காலமா அப்படித்தான். முன்னெல்லாம் யாருக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகணுமோ அவர் அமுக்குவார். நீங்க வந்ததிலேருந்து எல்லாமே நீங்கதான். உங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சேர்மனுக்குத் தெரியும், சங்கத் தலைவருக்குத் தெரியும், டீ கொண்டுவருகிற ஆளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. எங்கள் வரிசையைப் பற்றிய சமாச்சாரத்தைக் கூட்டத்தில் 'ஏழாவது இனம், முந்தைய குறிப்பின்படி' என்று வாசித்தார்களாம். அது என்ன என்று அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டிருக்கிறாள். "வழக்கமானதுதாம்மா, டீயைச் சொல்லுங்க" என்றிருக்கிறார். தன் தலையில் மட்டும் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அத்தனை பேர் தலையிலும் அவள் கையாலேயே போட வைத்துவிட்டார்கள்.

இதை வரிசையில் வந்து சொன்னோம். பாதிப் பேர் நம்பவில்லை.

"ஒரு வருஷமா மணி அடிச்சிருக்கா. எதுக்கு அடிக்கிறோம்னு தெரியாதாம். இதைக் கேக்க நாங்க என்ன காது குத்திக்க வந்தவளுங்களா?" என்றாள் கீரைக்காரி. "முன்பக்கத்துல உனக்குக் கடை தரேன்னு சொல்லிட்டாரா மண்டிக்காரர்?"

அக்காவுக்குப் பதிலுக்குப் பதில் பேசிப் பழக்கமில்லை. எனக்குப் பழக்கம் உண்டு, நான் பேசினேன், கீரைக்காரியின் மயிரைப் பிடிக்காத குறை. ஆனால் என்ன பேசி என்ன? அன்று மாலை மகள் தன் மிளகாய்ச் சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வரிசையின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

"நீயுமாடி?" என்றாள் அக்கா.

"நான் என்னம்மா பண்றது? எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்குறாங்க. எனக்கும் பிள்ளை இருக்குல்ல? இந்த இடம் போனா நான் எங்க போவேன்? நீ படுத்த புருஷனை வெச்சுக்கிட்டுத் தெருவுல நின்ன மாதிரி நானும்..." என்று தொடங்கியவள் முடிக்காமல் திரும்பிக்கொண்டாள். அக்கா அன்று ஒரு பழம்கூட விற்கவில்லை. கேட்டு வந்தவர்களையும் பார்க்கவில்லை.

இடிப்பதற்கு முன்னால் இன்னும் ஒரு கூட்டம் இருந்தது. தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லி அவளே கேட்கலாம், ஆனால் இன்னொரு உறுப்பினர் அதை வழிமொழிய வேண்டும் என்றார் கிளார்க். ஒரே ஒருவர் போதும். ஒருவர் வழிமொழிந்துவிட்டால் விவாதிக்க வேண்டும், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், வேலை அப்படியே நின்றுவிடும். அந்த ஒருவரைத் தேடித்தான் அக்காவும் நானும் படியேறிப் படியிறங்கினோம்.

முன்பக்கக் கடைக்காரர்கள் எங்களைக் கண்டதும் வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எங்கள் கஷ்டத்தையெல்லாம் கேட்டு, உச்சுக் கொட்டி, "மண்டிக்காரர் சொன்னா நான் ரெடி" என்றார். ஆட்டுக்கு இரக்கப்பட்டுக் கசாப்புக்கடைக்காரரிடம் அனுமதி கேட்கச் சொன்ன மாதிரி இருந்தது.

மண்டிக்காரரிடமும் போனோம். எனக்குப் போக இஷ்டமில்லை, அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் உங்க மூட்டை விழுந்துதான் படுத்தாருங்க. நான் அதுக்கு உங்ககிட்ட எதுவுமே கேட்டதில்லை" என்றாள் அக்கா. "இப்பக் கேக்குறேன். அந்தச் சுவரை விட்டுடுங்க. என்னை வேணும்னா போர்டை விட்டுத் தூக்கிடுங்க."

"உங்களைத் தூக்கறதா? நல்லாச் சொன்னீங்க. நீங்க இல்லேன்னா கூட்டமே நடக்காதேம்மா" என்று சிரித்தார் அவர். உண்மையாகவே சந்தோஷமாகச் சிரித்தார். "இத்தனை வருஷத்துல இந்த போர்டு இவ்வளவு வேலை பண்ணதே கிடையாது. எல்லாம் நீங்க வந்த நேரம்."

வெளியே வந்ததும் அக்கா அந்த மண்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் போகாம இருந்துட்டா என்னடி? கூட்டம் செல்லாதுல்ல?" என்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு குதித்தது. ஆனால் அதற்கும் கிளார்க் பதில் சொல்லியிருந்தார். எடுத்த தீர்மானம் எடுத்ததுதான். அவள் போகாவிட்டால் அதை நிறுத்தக்கூட ஆளில்லை.

கடைசியில் சங்கத் தலைவர்தான் மிச்சம். அவர் ஒரு காலத்தில் அக்கா புருஷனோடு சேர்ந்து மூட்டை தூக்கியவர். எல்லாப் பெண்களையும் தங்கச்சி என்பார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தங்கச்சி, நீ ஏன் கண்ணு கலங்குற? நான் இருக்கேன். அன்னிக்கு உன் வீட்டுக்காரனைத் தோள்ல போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனவனே நான்தான். நீ தைரியமாக் கேளு. நான் எழுந்து வழிமொழியறேன்."

அக்கா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வரிசைக்கு வந்து சொன்னோம். யாரும் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. கீரைக்காரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாப்போம்" என்றாள். மகள் அந்தக் கோடியிலிருந்து தாயைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்கே அக்கா அன்று ராத்திரி சாப்பிட்டிருப்பாள்.

கூட்டத்தன்று நானும் கூடப் போனேன். என்னை உள்ளே விடவில்லை, நடைபாதையில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. மேசை முழுக்க ஆண்கள், கடைசி நாற்காலியில் அக்கா. சேர்மன் வாசிக்கத் தொடங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"ஐயா, எங்க வரிசையை இடிக்கிற தீர்மானத்தை நான் கொண்டு வரலைங்க. டீ சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். எனக்கு வழக்கம் தெரியாது. அதை ரத்து பண்ணணும்னு கேட்டுக்கிறேன். அங்க இருக்கிறவங்க அத்தனை பேரும் அதை நம்பித்தான் இருக்காங்க. என் மகளும் இருக்கா."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சேர்மன் மரியாதையான ஆள். "உட்காருங்கம்மா" என்றார். "வழிமொழிய யாராவது இருக்கீங்களா?"

அக்கா சங்கத் தலைவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேர்மன் இன்னொரு தரம் கேட்டார். சங்கத் தலைவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"அண்ணே" என்றாள் அக்கா.

"லாரி உள்ள வந்தா நம்ம ஆளுங்களுக்கு வேலை ஜாஸ்தி ஆகுது தங்கச்சி" என்றார் அவர், மின்விசிறியைப் பார்த்தபடியே. "அவங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்குல்ல?"

"அப்ப வழிமொழிய யாரும் இல்லை" என்றார் சேர்மன். "பழைய தீர்மானம் உறுதி செய்யப்படுகிறது. அம்மா, டீ சொல்லுங்க."

அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் சொல்ல மாட்டேங்க."

ஒருவர் இருமினார். இன்னொருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். டீ வராமல் அவர்களுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவர்கள் டீ குடிக்காமல் அந்த அறையை விட்டுப் போனதில்லை போலிருக்கிறது. எனக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை வந்தது. இப்படியே இருந்துவிடு அக்கா, இடிக்கிறவன் வந்து போகிறவரை இப்படியே உட்கார்ந்திரு என்று மனசுக்குள் கத்தினேன்.

மண்டிக்காரர் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு நிதானமாக வந்தார். அக்காவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினார். டீ வந்தது.

"சார், முன்மொழிந்தவர்னு யாரைப் போடட்டும்?" என்று கிளார்க் மெதுவாகக் கேட்டார்.

"எப்பவும் போல எழுதிக்கங்க" என்றார் சேர்மன்.

எல்லாரும் டீயை எடுத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு முன்னாலும் ஒரு தம்ளர் வந்தது. அவள் அதைத் தொடவில்லை. தம்ளர்களின் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்டது.

"இதர விஷயத்துல ஒண்ணு கேக்கணும்னு இருந்தேங்க. பொம்பளைங்களுக்கு ஒரு பாத்ரூம்."

"வரிசையே இல்லாதப்ப பாத்ரூம் எதுக்கும்மா?" என்றார் மண்டிக்காரர்.

திரும்பும் வழியெல்லாம் நான் பேசினேன், அந்த ஆட்களின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசினேன். அவள் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. வரிசையில் நாங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே எல்லாரும் கூடைகளை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள். கீரைக்காரி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாக்கை உதறி மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே திரும்பத் திரும்ப உதறி மடித்தாள்.

இடிக்கிற வண்டி வந்த காலையில் நாங்கள் எல்லாரும் ரோட்டோரத்துக்குப் போய்விட்டிருந்தோம். ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் எங்களைக் கண்டு முறைத்தார்கள். பஸ் ஒவ்வொன்றும் காலை உரசிக்கொண்டு போனது. அக்காவை மட்டும் காணோம். நான் உள்ளே ஓடினேன். காலியான வரிசையில், வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கத்தில், தன் கறையில் முதுகைச் சாய்த்து அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே எலுமிச்சம்பழங்களை வழக்கம்போல அடுக்கி வைத்திருந்தாள். அவளுக்கு எதிரே வண்டி நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"எழுந்திரிங்கம்மா. போர்டு உறுப்பினரே இப்படி உக்காந்தா நல்லாவா இருக்கு?" என்று சூப்பர்வைசர் கெஞ்சினார். வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் பின்வாங்கினார்கள். ஒரு பெண்ணை ஆண் தொட்டுத் தூக்கக்கூடாது, அதற்குப் பெண் போலீஸ்தான் வர வேண்டும், அன்றைக்குப் பெண் போலீஸ் யாரும் இல்லை என்றார்கள்.

சூப்பர்வைசர் மண்டிக்காரருக்குப் போன் செய்தார். போனை வைத்துவிட்டு, கூடியிருந்த எங்கள் பக்கம் திரும்பினார். அதற்குள் ரோட்டிலிருந்து எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள்.

"ஒரு பொம்பளை வேணும். யாராவது ஒருத்தி வந்து அவங்க கையைப் பிடிச்சு எழுப்பி விடுங்க. உங்களுக்கும் நேரமாகுது, எங்களுக்கும் நேரமாகுது."

யாரும் நகரவில்லை. அவர் கீரைக்காரியைப் பார்த்தார், அக்காவை அதிகம் திட்டியவள் அவள்தான் என்று அவருக்குத் தெரியும்.

"என் கை அழுக்கா இருக்கு சார்" என்றாள் கீரைக்காரி.

மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் கேட்க அவருக்கே வாய் வரவில்லை. வண்டி ஓட்டுகிறவன் இறங்கிப் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டான். வெயில் ஏறியது. அக்கா தண்ணீர் குடிக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, குடித்தால் எழுந்திருக்க வேண்டி வரும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் போர்டு ஆபீஸ் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கையில் துடைப்பம் இன்னும் இருந்தது. எங்களில் யாரும் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. சின்னப் பெண், அக்காவின் மகள் வயசுதான் இருக்கும். சூப்பர்வைசர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எதையோ சொல்லிச் சொல்லித் தள்ளாத குறையாக முன்னால் அனுப்பினார். அவள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வந்து, துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, அக்காவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"அக்கா, எழுந்திரிங்கக்கா."

"யாரும்மா நீ?"

"ஆபீசு கூட்டுற ஆளுக்கா. இப்பத்தான் சேந்தேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு பொம்பளை வேணும், வான்னு கூட்டிட்டு வந்துட்டாங்கக்கா. எதுக்குன்னு சொல்லலை. நீங்க எழுந்திரிக்கலேன்னா நாளைலேருந்து வர வேணாம்னு சொல்றாங்க."

அக்கா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பழங்களைக் கூடையில் அள்ளிப் போட ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணும் உருண்டு போனவற்றைப் பொறுக்கிப் போட்டாள்.

"என்னையும் இப்படித்தாம்மா கூப்பிட்டாங்க" என்றாள் அக்கா. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.